வெற்றிலைப் பச்சை

தாலுகா ஆபீசுக்கு எதிரே செலின் டீச்சர் ரப்பர் ஸ்டாம்பு கடை வைத்திருந்தார். காலையில் ஆபீஸ் முத்திரைகள் செதுக்குவார். மதியத்துக்கு மேல் வாழ்த்து அட்டைகள் செய்வார். ரப்பர் அச்சால் கொடியும் இலையும் பதித்து, நடுவில் காகிதப் பூ ஒட்டுவார். முன்பு ஒரு பள்ளியில் கைவேலை வகுப்பு எடுத்தவர். வேலை போனாலும் டீச்சர் என்ற பெயர் போகவில்லை.

அவரிடம் தொழில் பழக ஒரே ஒருவர் வந்தார். பெயர் பிரமநாயகம். டீச்சருக்கு நாற்பது ஆகவில்லை. பிரமநாயகத்துக்கு அறுபது ஆகப்போகிறது. வெற்றிலைக் கொடிக்காலில் உழைத்தவர். முட்டி தேய்ந்து ஏணி ஏற முடியாமல் போனதும் தனி ஆளாக வீட்டோடு இருந்தார்.

வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒரே ஒரு கார்டு செய்யணும் டீச்சர். அதுக்கு மேல வேண்டாம்."

"இங்கே அடுக்கி வச்சிருக்கேனே. ஒண்ணு எடுத்துக்கோங்க அண்ணாச்சி."

"விலைக்கு வாங்கினது எங்க அண்ணனுக்குப் பத்தாது."

"அண்ணனுக்கா?"

"ஆமா. ஒன்பது வருஷமாப் பேச்சு இல்ல."

டீச்சர் மேலே கேட்கவில்லை. பிரமநாயகமே சொன்னார். தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அம்மா இறந்த அன்று அவர் வெளியூரில் இருந்தார். பஸ் கிடைக்காமல் பிந்தி வந்தார். சுடுகாட்டுக்குப் போனபோது புகைதான் இருந்தது. அண்ணன் குத்தாலிங்கம் கொள்ளி வைத்து முடித்திருந்தார். அந்த இடத்திலேயே தம்பி ஒரு வார்த்தை சொன்னார். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். அதோடு சரி.

"இந்தப் பொங்கலுக்குள்ள அனுப்பணும்" என்றார் பிரமநாயகம். "அவருக்கும் வயசாகுது. எனக்கும் ஆகுது."

"சரி. மொதல்ல அச்சு கழுவுங்க" என்றார் டீச்சர்.

பிரமநாயகம் அச்சு கழுவினார். பிறகு இதழ் வெட்டினார். கத்தரிக்கோல் முனையில் இழுத்து இதழைச் சுருளவைக்கப் படித்தார். மைதாப் பசையில் துத்தம் எவ்வளவு போட்டால் பூச்சி அரிக்காது என்று படித்தார். அச்சைக் குத்தக் கூடாது, வைத்து எடுக்க வேண்டும் என்று படித்தார். எல்லாம் ஒழுங்காக வந்தது. ஒன்றுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

"டீச்சர், மை காய எவ்வளவு நேரம் ஆகும்?"

"காயுற வரைக்கும்."

"அது சரி. எத்தனை நிமிஷம்?"

"மழைக்காலத்தில ஒண்ணு, வெயில்ல ஒண்ணு. காகிதத்துக்குக் காகிதம் மாறும்."

"குத்துமதிப்பாச் சொல்லுங்க."

"மதிப்பா இருந்தா சொல்லலாம். குத்துமதிப்பா எப்படிச் சொல்ல?"

பிரமநாயகம் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தார். ஆனாலும் மறுநாள் அதையே கேட்டார். டீச்சரும் அதையே சொன்னார்.

மார்கழி முடியப்போகும் ஒரு திங்கட்கிழமை, பிரமநாயகம் தன் அட்டையைச் செய்தார். அட்டையைச் சுற்றி வெற்றிலைக் கொடி ஓட வேண்டும் என்று அவரே அச்சு செதுக்கியிருந்தார். நடுவில் நந்தியாவட்டைப் பூ. அவர்கள் அம்மா வாசலில் வைத்திருந்த பூ அது. வெள்ளைக் காகிதத்தில் ஐந்து இதழ், நடுவில் பொட்டு மஞ்சள்.

கடைப் பச்சை மை அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது கீரைப் பச்சை டீச்சர். முத்தின வெற்றிலை இந்தப் பச்சை கிடையாது."

"வேற பச்சை இல்லையே."

"நான் கலந்துக்கிடுதேன்."

டீச்சர் கவரில் அவர் சொன்னபடி அண்ணனின் விலாசத்தை எழுதினார். மூலையில் அனுப்புநர் என்று பிரமநாயகத்தின் வீட்டு விலாசமும் எழுதினார். பிரமநாயகத்துக்கு எழுதும்போது கை நடுங்கும். பிறகு டீச்சர், செய்து முடித்த முத்திரை ஒன்றைக் கொடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போனார்.

பிரமநாயகம் ஒரு மூடியில் பச்சை மையை ஊற்றினார். ஆபீஸ் முத்திரைக்கு வைத்திருந்த கறுப்பிலிருந்து கொஞ்சம் விட்டுக் கலக்கினார். இன்னும் கொஞ்சம் விட்டார். மூடிக்குள் முற்றிய வெற்றிலையின் நிறம் வந்தது. அதைத் தொட்டு இரண்டு அட்டைகள் அடித்தார். ஒன்று அண்ணனுக்கு, ஒன்று கையோடு வைத்துக்கொள்ள. இரண்டும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தன. அண்ணனுக்கான அட்டைக்குள் மட்டும் "பொங்கல் வாழ்த்து" என்ற அச்சைப் பதித்தார். ஒரு கரும்புத் தோகையும் வெட்டி உள்ளே ஒட்டினார்.

மூன்று மணிக்குத் தபால் எடுப்பார்கள். அவர் அட்டையை மடித்துக் கவரில் போட்டு, தெருமுனைப் பெட்டியில் சேர்த்தார். வரும் வழியில் டீ குடித்தார். கடைக்குத் திரும்பியபோது டீச்சர் மேசைமேல் குனிந்திருந்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

பிரமநாயகம் பார்த்தார். கையோடு வைத்துக்கொள்ள அடித்த அட்டை அங்கே கிடந்தது. வெற்றிலைக் கொடியில் பச்சை இல்லை. மை காய்ந்து கறுத்திருந்தது. கறுத்ததில் கொடியும் தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. நாலு பக்கமும் கறுப்புக் கரை. நடுவில் வெள்ளைப் பூ.

அந்த ஊர்ப் பக்கம் கறுப்புக் கரை போட்ட கடிதம் வந்தால் யாரும் உள்ளே படிக்கத் தேவையில்லை. சாவுச் செய்தி என்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

"எவ்வளவு நேரம் காயவச்சிய?"

"அடிக்கும்போது பச்சையா இருந்தது டீச்சர்."

"எவ்வளவு நேரம் வச்சிய?"

பிரமநாயகம் உடனே திரும்பி முட்டியைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். டீச்சர் கடையைச் சாத்திவிட்டுப் பின்னால் போனார்.

பெட்டி பூட்டியிருந்தது. பிரமநாயகம் பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"மதினிக்கு நெஞ்சுவலி உண்டு" என்றார். "இதை அவ பிரிச்சான்னா?"

"தபால் எடுக்கிற ஆள் வரட்டும். கேப்போம்."

ஆள் வந்தார். சைக்கிளில் பை, இடுப்பில் சாவி. பிரமநாயகத்துக்குத் தெரிந்தவர்தான்.

"தம்பி, உள்ளே என் கவர் ஒண்ணு கிடக்கு. அதை மட்டும் எடுத்துக் குடு."

"குடுக்க முடியாது அண்ணாச்சி."

"நான் போட்டதுதான். இதோ டீச்சர் சாட்சி. எழுத்து அவங்க எழுத்து."

"போடுறவரைக்கும் உங்களுது. விழுந்திட்டா வாங்கப்போறவருது. நடுவில நான் யாரு?"

"தப்பா அடிச்சிட்டேன்பா. சாவுக் கடுதாசி மாதிரி ஆயிட்டு."

"தப்பில்லாத கடுதாசி ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். இதுல முக்கால்வாசி போட்டவன் திரும்பக் கேக்கறதுதான்."

அவர் பெட்டியைத் திறந்து பையில் கவிழ்த்தார். கவர்கள் சரசரவென்று விழுந்தன. டீச்சரின் எழுத்து ஒரு தடவை மேலே தெரிந்து, அடியில் போனது. சைக்கிள் போய்விட்டது.

பிரமநாயகம் பெட்டியின் தலையில் கை வைத்தபடி நின்றார்.

"நாளைக்குப் பகல் தபால்ல அங்க போய்ச் சேர்ந்திரும்" என்றார் டீச்சர்.

"காலையில மொத பஸ்ல அண்ணன் ஊருக்குப் போறேன். தபால்காரரை வழியிலேயே மறிச்சு வாங்கிருவேன்."

"போங்க."

"வீட்டுக்குள்ள போகணும்னு இல்ல. தெருவிலேயே நின்னு வாங்கிட்டு வந்திருவேன்."

மறுநாள் காலை டீச்சர் கடை திறக்கும்போது பிரமநாயகம் படியில் உட்கார்ந்திருந்தார்.

"போகலையா?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்."

"சரி."

"மொத பஸ் கூட்டமா இருந்தது. விட்டுட்டேன்."

"ரெண்டாவது?"

"ஏறினேன். உக்காந்தேன். அந்தத் தெரு நினைப்புல வந்தது. அவர் வாசல்ல உக்காந்து பேப்பர் பார்த்துட்டு இருப்பாரு. என்னைக் கண்டதும் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைச்சிட்டாருன்னா நான் என்ன செய்ய? இறங்கிட்டேன்."

"இன்னும் பஸ் இருக்கு அண்ணாச்சி."

"இருக்கு" என்றார் பிரமநாயகம். ஆனால் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து கடையின் பின்பக்கம் போய் அச்சு கழுவ உட்கார்ந்தார். கழுவிய அச்சையே திரும்பக் கழுவினார். டீச்சர் காலை வேலையைப் பார்த்தார். தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

பகல் தபால் நேரம் வந்தது, போனது.

"குடுத்திருப்பான்" என்றார் உள்ளிருந்து பிரமநாயகம்.

டீச்சர் கத்தியைக் கீழே வைத்தார். பிறகு எடுத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாடு முடிந்து கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். வயதானவர். வெள்ளை வேட்டி. வேர்த்திருந்தது. ஒரு கையில் வாழைநார் கட்டிய ரோஜா மாலை, மறுகையில் ஒரு கவர். மாலையை உள்ளே கொண்டுவராமல் வாசலில் நின்ற டீச்சரின் சைக்கிளில் மாட்டினார். பிறகு கவரிலிருந்து அட்டையை எடுத்து அதன் முதுகைப் பார்த்தார். அங்கே கடையின் பெயர் சின்ன அச்சாகப் பதிந்திருந்தது.

"இது இங்க அடிச்சதாம்மா?"

டீச்சர் அட்டையைப் பார்த்தார். யார் வந்திருப்பது என்று தெரிந்துவிட்டது.

"ஆமாய்யா. இங்கதான்."

"வீட்டுக்குப் போனேன். பூட்டிக் கிடக்கு. தெருவில ஒரு ஆளைக் காணோம். ஆஸ்பத்திரியில இருந்து நேரே கொண்டுபோறாங்களா என்னன்னு தெரியல. எப்ப எடுக்காவ?"

பின்பக்கத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"யாரை?" என்றார் டீச்சர்.

"பிரமநாயகத்தை. நான் அவன் அண்ணன். கவர்ல எழுத்து அவன் எழுத்து இல்ல. அப்பவே தெரிஞ்சிட்டு." கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டார். "உள்ளே பிரிக்க வரல, ஒட்டிக் கிடக்கு. எடுக்கிற நேரம் தெரியல. சொல்லு தாயி. எடுத்திட்டாங்களா?"

உள்ளே திரை அசைந்தது. கையில் ஈர அச்சோடு பிரமநாயகம் நின்றார்.

"எடுக்கல அண்ணே" என்றார்.

குத்தாலிங்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். கண் முதலில் தம்பியின் காலைத் தேடியது. கால் தரையில்தான் இருந்தது. பிறகு முகத்துக்கு வந்தது. அவர் முகம் சிவந்தது.

"ஏலே" என்றார்.

"அண்ணே, தெரியாம நடந்துபோச்சு. மை—"

"உயிரோட இருந்துக்கிட்டு இப்படி ஒரு கடுதாசியா?"

"பொங்கலுக்கு அனுப்பினது அண்ணே. உள்ளே பாருங்க. பொங்கல் வாழ்த்துன்னு அடிச்சிருக்கேன்."

"உள்ளேதான் ஒட்டிக் கிடக்கே."

"குடுங்க. நான் பிரிக்கேன்."

பிரமநாயகம் அட்டையை வாங்கி மடிப்பைப் பிரித்தார். தோகைக்கு வைத்த பசை காயுமுன் அட்டையை மடித்திருந்தார். இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடித்திருந்தது. இழுத்ததும் காகிதத்தின் தோல் உரிந்தது. உள்ளே எழுத்து இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டுத்தான் இருந்தது.

"எங்கலே வாழ்த்து?"

"இருந்தது அண்ணே."

"இருந்தது."

"நீங்க நம்பலைன்னா, இன்னொண்ணு அடிச்சது இருக்கு, பாருங்க." பிரமநாயகம் மேசையிலிருந்து மற்ற அட்டையை எடுத்து நீட்டினார். அதுவும் கறுப்பாகத்தான் இருந்தது.

"ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா?" என்றார் குத்தாலிங்கம். "மீதி யாருக்கு? எனக்கா?"

பிரமநாயகம் நீட்டிய அட்டையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"என்னைக் கூப்பிட்டா வரமாட்டேன்னு உனக்குத் தெரியும். செத்தான்னா வருவேன்னும் தெரியும். வரவச்சிட்ட. ஜெயிச்சிட்டல்லா?" அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "உங்க மதினி கையில கிடைக்காம, வயல் வரப்பிலேயே என் கையில குடுத்தான் தபால்காரன். யார்கிட்டயும் சொல்லாம வந்தேன். பஸ்ல ஒரு பிள்ளை எந்திரிச்சு எனக்கு இடம் குடுத்தது, நான் அழுததைப் பார்த்து. தெரியுமா உனக்கு?"

அவர் திரும்பினார். ஒரு கால் படியில் இறங்கிவிட்டது.

பிரமநாயகம் டீச்சரைப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. நான் என்ன சொன்னா இவர் நம்புவாரு?"

டீச்சர் மேசையைத் துடைத்தார். புது அட்டை ஒன்றை வைத்தார். நேற்றுக் கலந்து, காயாமல் டம்ளர் கவிழ்த்து வைத்திருந்த மையை மூடியோடு எடுத்து வைத்தார். வெற்றிலைக் கொடி அச்சைத் துணியில் ஒற்றி அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஐயா, நீங்களே ஒரு தடவை அடிச்சிப் பாருங்க."

"நான் எதுக்கு?"

"உங்க கையால அடிங்க. நானும் தொடல, அவரும் தொடல. என்ன ஆகுதுன்னு பார்த்திட்டுப் போங்க."

குத்தாலிங்கம் படியில் நின்றபடி யோசித்தார். பிறகு உள்ளே வந்தார். அச்சை எடுத்து மையில் தொட்டு, கோபத்தோடு அட்டையில் குத்தினார்.

"குத்தக் கூடாது அண்ணே. வச்சு எடுக்கணும்" என்றார் பிரமநாயகம், தன்னை அறியாமல்.

"நீ சும்மா இரு."

அடுத்த பக்கத்துக்கு அவர் குத்தவில்லை. வைத்து எடுத்தார். நாலு பக்கமும் அடித்து முடித்தார். அட்டையில் வெற்றிலைக் கொடி பசேலென்று ஓடியது.

"பச்சையாத்தானே இருக்கு?"

"காயட்டும்" என்றார் டீச்சர்.

"எவ்வளவு நேரம்?"

"காயுற வரைக்கும்."

"நான் ரெண்டரை பஸ்ஸுக்குப் போகணும்."

"போங்க. காய்ஞ்சதும் போங்க."

டீச்சர் மின்விசிறியை நிறுத்தினார். அட்டையை மேசையின் வெயில் படாத மூலையில், இருவருக்கும் நடுவே வைத்தார். ஒரு ஸ்டூலை இழுத்து அண்ணனுக்குப் போட்டார். மற்றொன்றைத் தம்பியின் பக்கம் காலால் தள்ளினார். பிறகு தன் இடத்தில் உட்கார்ந்து இதழ் வெட்ட ஆரம்பித்தார்.

அண்ணன் அட்டையைப் பார்த்தார். தம்பியும் அட்டையைப் பார்த்தார்.

வெளியே ஒரு ஆடு வந்து சைக்கிளில் தொங்கிய மாலையை முகர்ந்தது. ஒரு ரோஜாவைக் கடித்துப் பார்த்தது.

"மாலையை ஆடு திங்குது அண்ணே."

"திங்கட்டும். வாங்கின மாலையை வீட்டுக்கா கொண்டுபோக முடியும்? போடவும் வழியில்ல."

"நல்ல ரோஜாவா இருக்கு."

"பின்னே. உனக்கு வாங்கினது."

அட்டை பச்சையாகவே இருந்தது. குத்தாலிங்கம் விரலால் தொடப்போனார்.

"தொட்டா அப்பிக்கிடும்" என்றார் டீச்சர், தலை தூக்காமல். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அம்மா வச்ச நந்தியாவட்டை இருக்கா?" என்று கேட்டார் பிரமநாயகம்.

"வேலிப் பக்கம் நகர்த்தி நட்டேன். இருக்கு."

"அதுதான் அந்தக் கார்டுல பூவாச் செஞ்சது."

"நந்தியாவட்டையாலே அது? நான் சங்குப்பூன்னு நினைச்சேன்."

"சங்குப்பூ இப்படியா இருக்கும்? அஞ்சு இதழ் தெரியல?"

"அந்த நேரத்தில இதழ் எண்ணவா எனக்குத் தோணும்?"

பிரமநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்த அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, அட்டையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அன்னைக்கு ஒரு பஸ் காத்திருந்தா என்ன அண்ணே?"

டீச்சரின் கத்தரிக்கோல் நின்றது. பிறகு மெதுவாக ஓடியது.

குத்தாலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்தார்.

"எந்த பஸ்ல வாரேன்னு யாருக்குத் தெரியும்?"

"வருவேன்னு தெரியும்லா."

"மேகம் கட்டிட்டு வந்தது. விறகு நனைஞ்சா என்ன செய்ய? நாலு பெரியவங்க நெருக்குறாங்க. நான் மூணு தடவை ரோட்டுக்குப் போய்ப் பார்த்தேன்."

"மூணு தடவையா?"

"மூணாவது தடவை தூறல் விழுந்திட்டு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா."

"நீ எங்கே சொல்லவிட்ட? வந்ததும் வராததுமா, 'என் தாயைத் திருடிட்டே'ன்ன. ஊர் முன்னாடி."

அட்டையில் ஒரு மூலை மங்க ஆரம்பித்தது. இருவரும் அதைக் கண்டார்கள்.

"கொள்ளி வைக்கும்போது" என்றார் குத்தாலிங்கம், "வெட்டியான் யார் பேருக்குன்னு கேட்டான். 'இளையவன் பிரமநாயகம் வைக்கான்'னு சொல்லித்தான் வச்சேன். கை என் கை. அவ்வளவுதான்."

ஆடு மாலையின் நாரை இழுத்தது. சைக்கிள் சாய்ந்து சுவரில் முட்டிக்கொண்டது. யாரும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அந்த மூலையிலிருந்து கறுப்பு ஓடியது. ஓர் இலை, பிறகு அடுத்த இலை. ஒரு பக்கம் முழுக்கக் கறுத்தது. மறுபக்கத்தில் கொஞ்சம் பச்சை மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் போனது. நாலு பக்கமும் கறுப்புக் கரை. குத்தாலிங்கம் கொண்டுவந்த அட்டையின் கரைக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

டீச்சர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இதழைச் சுருட்டினார்.

"மதினிக்கு நெஞ்சுவலி எப்படி இருக்கு?" என்றார் பிரமநாயகம்.

"மாத்திரை போடுதா. போட்டேன்னு சொல்லுதா. நான் எண்ணிப் பார்ப்பேன். சரியா இருக்காது."

"அம்மாவும் அப்படித்தான்."

"அம்மா ஒளிச்சு வைப்பா. இவ கோழிக்கே போட்டாலும் போடுவா."

பிரமநாயகம் சிரித்தார். குத்தாலிங்கம் சிரிக்கவில்லை. ஆனால் ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஹாரன் கேட்டது. ரெண்டரை பஸ். இழுத்து இழுத்து அடித்தது. பிறகு சத்தம் தேய்ந்து போனது.

குத்தாலிங்கம் மேசையில் கிடந்த அட்டையைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் காயணும் போலிருக்கு" என்றார்.

"ஆமாண்ணே" என்றார் பிரமநாயகம்.

டீச்சர் எழுந்து டீக்குச் சொல்லப் போனார்.

சாயங்காலம் குத்தாலிங்கம் புறப்பட்டார். சைக்கிளில் வெறும் நார் தொங்கியது. அவர் அதை அவிழ்த்து எறிந்தார். புது அட்டையை எடுத்துப் பார்த்தார். வைத்துவிட்டார். தான் கொண்டுவந்ததை நாலாகக் கிழித்து வாசலுக்கு வெளியே போட்டார். சாவுக் கடிதத்துக்கு அதுதான் வழக்கம்.

"பொங்கலுக்கு முந்தின நாளே வந்திரு" என்றார். "கடைசி பஸ்ல வந்து நிக்காதே."

"வாரேன் அண்ணே."

"மதினிகிட்ட இந்தக் கதையைச் சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

"நான் சொல்லிருவேன். அது வேற."

அவர் போனார். திருப்பத்தில் மறையும்வரை பிரமநாயகம் வாசலில் நின்றார். பிறகு உள்ளே வந்து, கறை படிந்த மூடியைக் கழுவ எடுத்துக்கொண்டார். டீச்சர் ஒரு பூவுக்கு ஐந்தாவது இதழை வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர்."

"ம்."

"அந்தக் கார்டு ரெண்டரை பஸ்ஸுக்கு முன்னாடியே கறுத்திட்டு."

"ஆமா."

"அண்ணன் அதைப் பார்த்தாரு. பார்த்ததை நான் பார்த்தேன். நான் சொன்னது நிஜம்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்லா. பிறகும் ஏன் எந்திரிச்சுப் போகல?"

டீச்சர் இதழை விரலால் அழுத்திப் பிடித்தார். பசை பிடிக்கும்வரை விடவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"நீங்களும்தான் பார்த்திய அண்ணாச்சி" என்றார். "காய்ஞ்சிட்டுன்னு நீங்க ஏன் சொல்லல?"

பிரமநாயகம் மூடியைக் கையில் வைத்தபடி நின்றார். குழாயைத் திறக்க மறந்திருந்தார்.